பேசாத குழந்தையும் பேசும் பலகையும்

புதிய கருவியொன்று கைக்கு வந்ததும் அதனை விஞ்ஞானத்தின் விந்தையென்று வியந்து நிற்பது நம்மவர் வழக்கம். ஓட்டிசம் முதலிய வளர்ச்சி வேறுபாடுடைய குழந்தைகளுக்கென வந்துள்ள, படத்தைத் தொட்டால் சொல்லை ஒலிக்கும் பலகைகளையும் நாம் அவ்வாறே நோக்குகிறோம். அவற்றின் வரலாறோ வேறொன்றைக் கூறுகின்றது.

1800ஆம் ஆண்டில் பிரான்சிலே காட்டிலிருந்து வெளிப்பட்ட சிறுவனொருவனை அறிஞர்கள் மூடனென்று கைவிட்டனர். இளம் மருத்துவர் இத்தார் அவனுக்கு விக்டர் எனப் பெயரிட்டு, எழுத்துத் துண்டுகளைக் கையிற் கொடுத்தார். நாவாற் பேச இயலாத அவன், நான்கு எழுத்துக்களை அடுக்கிப் பால் கேட்டான். அவனை ஓட்டிசக் குழந்தையென இன்று கருதுவாரும் உளர். பேசும் பலகையின் மூலக் கருத்து அன்றே பிறந்துவிட்டது.

இத்தாரின் வழியைச் செகான் வளர்த்தார். அவ்விருவர் முறைகளையும் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம் கையாண்டு தெளிந்த மரியா மொன்ரசோரி, 1907இல் ரோமாபுரியின் தொழிலாளர் குடியிருப்பான சான் லொரென்சோவிற் பள்ளியமைத்தார். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிக் கற்பது அவர் முறை. ஏடு தொடக்கும் நாளில் அரிசியில் விரல்பிடித்து எழுதுவிக்கும் யாழ்ப்பாணத்தார்க்கு இஃது அந்நியமன்று. 1939இல் சென்னை வந்த அம்மையார், 1944இல் இலங்கையிலும் பயிற்சியளித்தார்.

பின்னர் நடந்ததென்ன? கைவிடப்பட்ட குழந்தைக்கெனப் பிறந்த கருவிகள், கட்டணஞ் செலுத்துவோரின் பாலர் பாடசாலைகளை அலங்கரித்தன. கருவியை உள்ளே அழைத்த சமுதாயம், அதற்குரியவனை வாசலிலே நிறுத்தியது.

இலவசக் கல்வி 1945இல் வந்தது. எனினும் செவிப்புலன், விழிப்புலன் இழந்தோர்க்குக் கைதடியில் 1956இல் நவீல்ட் பாடசாலையைத் தோற்றுவித்தது கிறித்தவத் தொண்டு. மனவளர்ச்சி குன்றியோர்க்குக் கோண்டாவிலில் 2004இல் சிவபூமிப் பாடசாலையைத் தோற்றுவித்தது சைவத் தொண்டு. அரசின் கடமையைத் தருமம் சுமந்தது. இடையே போர், மின்கலமும் தடைப்பொருளாயிருந்த 1990களில் குடாநாட்டிற் கருவியைப் பற்றிப் பேசவே இடமில்லை. 2010ஆம் ஆண்டளவிற் சென்னையில், வித்யாசாகர் நிறுவனத்துக் குழந்தைகளோடு பழகியவர்கள் ‘ஆவாஸ்’ என்னும் பேசுங் கருவியைப் படைத்தனர். விக்டரின் எழுத்துத் துண்டுகள் ஒலி பெற்றன.

ஊனத்தைக் காரணங்காட்டிக் கல்வி நிலையத்தில் அனுமதி மறுப்பதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விலக்குகின்றது. ஆயினும் ஆசிரியனாகிய நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் வகுப்பின் கடைசி வாங்கில் பேச்சுத் தடுமாறும் மாணவனொருவன் இருந்தான். பரீட்சைப் பெறுபேறு கருதி அவனை வேறிடம் அனுப்பத் தீர்மானித்த கூட்டத்தில் நானும் இருந்தேன், வாய் திறக்கவில்லை. அன்று பேசாதிருந்தவன் அவன் மட்டுமல்லன்.

பலகை விலைக்குக் கிடைக்கும். குழந்தை சொல்லும் ‘வேணும்’, ‘வேண்டாம்’ என்பவற்றை யாழ்ப்பாணத் தமிழிலேயே ஒலிக்கச் செய்வதும் அரிதன்று. அவன் விரல் சொல்லைத் தேடும்வரை காத்திருக்கும் ஆசிரியரை ஒவ்வோர் அரசாங்கப் பாடசாலையிலும் அமர்த்துவதே அரிது. அதனைத் தருமமாக இரவாது, உரிமையாகக் கேட்போம். கேட்க வேண்டியவர்கள் பேசத் தெரிந்த நாமே.