போர் வரலாறு எதுவரை

அரசாங்கம் எழுதும் போர் வரலாறு பொய் சொல்லும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1962 சீனப் போரைப் பற்றிக் கொஞ்சம் படித்த பிறகு எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. பொய் அநேகமாகத் தேவைப்படுவதில்லை. எது உள்ளே வரும், எது வராது என்று முதலில் ஒரு கோடு போட்டுவிட்டால் போதும். பிறகு எழுதுகிறவர் உண்மையை மட்டுமே எழுதிக்கொண்டு போகலாம்.

அந்தத் தோல்வியை விசாரிக்க லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் நியமிக்கப்பட்டார்கள். 1963இல் அறிக்கை கொடுத்தார்கள். ராணுவத் தலைமையகம் செயல்பட்ட விதம் அவர்களுடைய விசாரணைக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தது. டெல்லியில் நடந்த உயர்மட்டக் கூட்டங்களின் குறிப்புகளும் அவர்கள் கைக்கு வரவில்லை. நாம்கா சூ ஆற்றங்கரையில் நின்றவனைக் கேள்வி கேட்கலாம். அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர்களைக் கேட்கக் கூடாது. இப்படி எல்லை குறுக்கப்பட்ட அறிக்கையைக்கூட அரசு வெளியிடவில்லை. 2014இல் அதன் ஒரு பகுதியை வெளியே கொண்டுவந்தவர் நெவில் மாக்ஸ்வெல் என்ற பத்திரிகையாளர். பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு 1992இல் முடித்த நூலும் ஒரு சிலரின் பார்வைக்கு மட்டும் என்றே வைக்கப்பட்டது.

தாக்லா முகட்டிலிருந்து சீனர்களை அப்புறப்படுத்துவது என்று 1962 செப்டம்பரில் டெல்லியில் முடிவாயிற்று. அக்டோபர் 20 விடியற்காலையில் சீனர்கள் தாக்கியபோது, முகட்டுக்குக் கீழே ஏழாவது பிரிகேடின் வீரர்கள் பலர் அந்தக் குளிரில் பருத்திச் சீருடையோடு, ஆளுக்கு ஐம்பது தோட்டாவோடு நின்றார்கள். முடிவு செய்த மேஜைக்கும் அந்தப் பருத்திச் சட்டைக்கும் நடுவில் நடந்ததுதான் இந்தப் போரின் வரலாறு என்று எனக்குப் படுகிறது. சிறைப்பட்டுத் திரும்பிய அந்தப் பிரிகேடின் தளபதி ஜான் தால்வி, 1969இல் அதைத் தானே எழுத வேண்டியிருந்தது.

இன்னொரு உத்தரவும் உண்டு. அதே நவம்பரில், அஸ்ஸாமின் மாகும் போன்ற ஊர்களிலிருந்து சீன வம்சாவளியினர் ரயிலேற்றப்பட்டு ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். ஏறக்குறைய மூவாயிரம் பேர். இந்தியாவிலேயே பிறந்தவர்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். சண்டை ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. சிலருக்கு முகாம் வாசம் 1967 வரை நீடித்தது.

இதெல்லாம் ராணுவ வரலாறா, இப்படிப் போனால் எதைத்தான் விடுவது என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓர் உத்தரவு எந்த அறையில் பிறந்தது, யார் உடம்பில் போய் முடிந்தது என்ற இரண்டு முனைகளையும் விடாமல் பின்தொடர்வது ஓர் அளவுகோல். நடுவில் வரும் படைப்பிரிவுகளும் தேதிகளும் அப்போது தம் இடத்தில் தாமாகவே அமர்ந்துகொள்ளும். 1,383 பேர் இறந்தார்கள், 1,696 பேர் காணாமற்போனார்கள் என்ற அரசுக் கணக்குக்கும் அப்போதுதான் ஓர் அர்த்தம் உண்டாகும்.

தோற்ற போர் என்பதால் இவ்வளவும் சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஜெயித்த போர்களையும் இதே அளவுகோலால் அளக்க நமக்கு மனம் வருமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.