வாய்ப்புண்ணும் மணத்தக்காளியும்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ “வாய் வெந்துபோயிற்று” என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். “மணத்தக்காளிக் கீரையைக் கூட்டு வைத்துச் சாப்பிடு” என்ற பதில் உடனே வரும். பிச்சி இலையை மென்று துப்பச் சொல்லும் பாட்டிமாரும் உண்டு. காரணம் கேட்டால் “வயிற்றுச் சூடு” என்பார்கள். வெப்பமானியில் ஏறாத சூடு அது! ஆயினும் கீரை தின்றவர்களுக்குப் புண் ஆறியதை நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள். அது எதனால்?

விடையின் ஒரு பகுதி நீலகிரியில் கிடைத்தது. 1918இல் மக்காரிசன் என்ற மருத்துவர் குன்னூரில் பெரி-பெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்தச் சிறு முயற்சியே பின்னர் உணவூட்ட ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1935இல் அதன் இயக்குநரானவர் அய்க்ராய்ட். அவரும் கிருஷ்ணன் என்ற ஆய்வாளரும் தென்னிந்திய விடுதிகளில் தங்கியிருந்த சிறுவர்களைப் பரிசோதித்தனர். பலருக்குக் கடைவாய் வெடித்திருந்தது, நாக்கும் புண்பட்டிருந்தது. அவர்கள் உணவில் சோறே மிகுதி. பாலும் கீரையும் அரிது. ஈஸ்ட் கொடுத்துப் பார்த்தார்கள். புண் ஆறிற்று. வைட்டமின் பி2 பற்றாக்குறையே இதற்குக் காரணம் என்று 1936இல் எழுதினார்கள்.

1938இல் அமெரிக்காவில் செப்ரெல், பட்லர் என்ற இருவர் இதையே மறுபக்கத்திலிருந்து மெய்ப்பித்தனர். பி2 மிகக் குறைந்த உணவை உண்ட பெண்களுக்குக் கடைவாய்ப் புண் தோன்றியது. தூய பி2 கொடுத்ததும் மறைந்தது.

இந்த பி2வுக்கு ரைபோஃபிளேவின் என்று பெயர். என் போன்ற பௌதிக ஆசிரியனுக்கு இதில் ஒரு சுவை உண்டு. புற ஊதாக் கதிர் பட்டால் இது மஞ்சள் கலந்த பச்சை ஒளி வீசும். அந்த ஒளியைக் கொண்டே இதன் அளவைக் கணக்கிடலாம். ஆனால் ஒளியே இதற்குப் பகைவன். கண்ணாடிப் புட்டியில் பாலை ஊற்றி வெயிலில் வைத்தால், இரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் அழிந்துவிடும். அடுப்புச் சூட்டை மட்டும் ஓரளவு தாங்கும். ஆகவே சமைத்த மணத்தக்காளியிலும் இது எஞ்சும். கீரை வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டாலோ, அதில் கரைந்த பங்கும் சாக்கடைக்குப் போய்விடும்.

அப்படியானால் பாட்டி சொன்னது முழுக்கச் சரியா? பாதி சரி. கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகத் தோன்றும் சிறு புண் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தானாகவே ஆறும். அப்போது எந்த இலையை மென்றிருந்தாலும் அந்த இலைக்கே பெயர் கிடைக்கும்! புகையிலை போடுபவரின் வாயில் வரும் புண்ணின் கதை வேறு. அது சில வேளை வலிப்பதே இல்லை. அதனால் கீரையும் தேங்காய்ப்பாலுமாக மாதங்கள் ஓடிவிடுகின்றன. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் புற்றுநோயாகவும் இருக்கலாம். அதை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.