‘வேணும்’ என்றார் சவேரியார்

சென்ற வாரம் உங்களைக் கோலாலம்பூர் உயர் நீதிமன்ற வாசலில் நிற்கவைத்துவிட்டு வந்தேன். தேதி 2009 டிசம்பர் 31. ‘ஹெரால்டு’ என்ற கத்தோலிக்க வார இதழ் தன் மலாய்ப் பக்கங்களில் கடவுளை ‘அல்லா’ என்று எழுதலாமா, கூடாதா என்று நீதிபதி லாவ் பீ லான் சொல்லப்போகிறார். இந்த வாரம் தீர்ப்பு என்று வாக்கும் கொடுத்திருந்தேன்.

அதற்குள் வால்பாறைக்கு ஒரு நடை போய்விட்டு வந்தேன். வினை அங்கேதான். எஸ்டேட் லைன் வீடு ஒன்றில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அடைமழையில் கரண்ட் போனது. வீட்டுப் பாட்டி ‘சர்வேசுரா’ என்றார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற மருமகள் ‘ஆண்டவரே’ என்றார். பக்கத்து வீட்டிலிருந்து ‘முருகா’. மெழுகுவத்தி, பாய் கடையிலிருந்து வந்தது.

பாட்டியின் தாய்மாமன் சின்ன வயதிலேயே மலாயாவில் பேராக் பக்கம் பால்மரம் சீவப் போனவராம். அந்தக் காலத்தில் ஒரே ஊரில் ஒரு கங்காணி கப்பலேற்றினான், இன்னொரு கங்காணி ஆனைமலை ஏற்றினான். நான் எழுதுவதைப் பேத்தி வாசித்துக் காட்டியிருக்கிறாள். “சாமி பேருக்கெல்லாம் கேஸா தம்பி? நம்ம ஊர்ல ஒருத்தரும் கேக்கலையே?” என்றார் பாட்டி.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. இறங்கி முடிக்கும் வரை அந்தக் கேள்விதான் மண்டைக்குள். ஆகவே நீதிபதி கொஞ்சம் காத்திருக்கட்டும்.

பெயர்ச் சண்டையின் முதல் அத்தியாயம் நம் முத்துக்குளித்துறையில் இருக்கிறது. 1542-இல் அங்கே வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. ஆள் வைத்து ஜெபங்களைப் பெயர்த்து, மனப்பாடம் செய்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் பெயர்த்தவர் ‘வேணும்’ என்று போட்டுவிட்டார். ஊரே கூடி நின்று, கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதில், வேணும் வேணும் என்று சொல்லியிருக்கிறது! விஷயம் தெரிந்ததும் தன் தோழர் மான்சிலாஸுக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார் சவேரியார். எனக்கென்னவோ அந்தப் பிழையில் பெரிய பிழை ஒன்றும் தெரியவில்லை.

1545-இல் அவர் மலாக்காவுக்குக் கப்பலேறினார். 1511 வரை சுல்தான் ஆண்ட துறைமுகம். அப்போது போர்த்துகீசியர் கையில். அங்கும் அதே வேலை, ஜெபங்களை மலாயில் பெயர்த்தார். அந்த மலாக்காவில்தான் 1547-இல் அஞ்சிரோ என்ற ஜப்பானியரைச் சந்தித்தார். கடவுளை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வது என்று கேட்க, அவர் ‘டைனிச்சி’ என்றார். 1549-இல் ஜப்பானில் இறங்கி டைனிச்சியை வணங்குங்கள் என்று முழங்கினார் சவேரியார். பௌத்தத் துறவிகளுக்கு ஒரே மகிழ்ச்சி. அது அவர்கள் வணங்கும் புத்தர்களில் ஒருவரின் பெயர்! பதறிப்போன சவேரியார் அந்தப் பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ‘தேயுஸ்’ என்ற லத்தீன் சொல்லையே பிடித்துக்கொண்டார். 1552-இல் சீனக் கரையோரத் தீவில் இறந்தார். கோவா போகும் முன் அவர் உடல் சில மாதம் மலாக்காக் குன்றில்தான் கிடந்தது.

சவேரியார் மகான். மறுக்கவில்லை. ஆனால் என் ஓட்டு, அவருக்குப் பின் முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த அண்டிரிக் அடிகளாருக்கு. இந்த மனிதர் பயந்து லத்தீனுக்குள் ஓடவில்லை. தமிழை முறையாகப் படித்தார். 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் 16 பக்கத்தில் ஒரு புத்தகம் அச்சிட்டார். தமிழ் எழுத்தில் அச்சாகி நம் கைக்குக் கிடைத்த முதல் புத்தகம் அதுதான்: ‘தம்பிரான் வணக்கம்’. தம்பிரான் யார் வீட்டுச் சொல் என்று சைவ மடங்களைக் கேட்டால் தெரியும். எந்த மடமும் வழக்குப் போடவில்லை.

பிறகு மதுரைக்கு வந்த பாதிரியார் தத்துவ போதகர் ‘சருவேசுரன்’ என்றார். தரங்கம்பாடியில் லுத்தரன் பாதிரியார் சீகன்பால்குவும் அதையே எடுத்துக்கொண்டார். பின்னால் லுத்தரன் பைபிளைப் பெயர்த்த பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். அடுத்த பைபிளில் ‘தேவன்’, இப்போது ‘கடவுள்’. இதில் பராபரனைப் பாருங்கள். பராபரக்கண்ணி பாடியவர் தாயுமானவர், சைவர். இன்னொரு பராபரக்கண்ணி பாடியவர் குணங்குடி மஸ்தான் சாகிபு, முஸ்லிம். இரண்டு கண்ணிக்கும் லுத்தரன் பைபிளுக்கும் ஒரே சொல்! பாட்டிக்கு இதுதான் பதில்.

மலாயிலும் கதை புதிதல்ல. 1629-இல் அச்சான மலாய் மத்தேயு நற்செய்தியிலேயே ‘அல்லா’ இருக்கிறது. அரபு பேசும் கிறிஸ்தவர்களுக்கும் அதே சொல்தான். 1986-இல்தான் மலேசிய அரசு அல்லா, காபா, பைத்துல்லா, சொலாத் என்ற நான்கு சொற்களையும் பிற மதத்தார் பதிப்புகளில் தொடக்கூடாது என்றது. மக்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். 63.5 சதவீதம் முஸ்லிம்களும் 9.1 சதவீதம் கிறிஸ்தவர்களும் வாழும் நாட்டில் ஒரு சொல்லுக்கு வேலி போட்டு ஓட்டு அறுத்தவர்கள்தான் என் கணக்கில் வில்லன்கள்.

இடம் முடிந்துவிட்டது, ஆசிரியர் முறைக்கிறார். ஒரே வரியில் தீர்ப்பு: எழுதலாம் என்றார் நீதிபதி. எட்டாம் நாள், 2010 ஜனவரி 8 அன்று, கோலாலம்பூரின் தேசா மெலாவத்தியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளம் எரிந்தது. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் தலைகீழாக்கியது. அடுத்த வாரம், சத்தியமாக, அங்கிருந்து.

அதுவரை ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுப் பெட்டியில் பழைய ஜெபப் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் கடவுளுக்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.