லயம் (ஊவாத் தோட்டங்கள்)

லயம் என்பது இலங்கை மலையகப் பெருந்தோட்டங்களில் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் தொடர்வீடு. லயன் என்றும் வழங்கும். 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு இது. குதிரை லாயத்தோடு முடிச்சுப் போடுவது கசப்பில் பிறந்த சிலேடை.

ஊவா மாகாணத்தில் பதுளை, பசறை, ஹாலிஎல, மடுல்சீமை, நமுனுகுலை, ஹப்புத்தளைப் பகுதிகளில் கோப்பிக் காலத்திலேயே லயங்கள் இருந்தன. வரிச்சில் மண் அப்பிய சுவர், மேலே புல்வேய்ச்சல். கோப்பிப் பழம் பறிக்கப் பருவத்துக்கு வந்து திரும்பும் கூட்டத்துக்கு அது போதும் என்று தோட்ட நிர்வாகிகளான துரைமார் கருதினர். 1869இல் தென்பட்ட இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து தேயிலை வந்ததும் நிலைமை மாறியது. கொழுந்துக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், குடும்பங்கள் தங்கிவிட்டன. கருங்கல் சுவரும் தகரக் கூரையும் பரவின. 1912ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டச் சுகாதாரத்தை அரசின் பார்வைக்குள் கொண்டுவந்தன.

அமைப்பில் இரண்டு வகை. ஒற்றை லயத்தில் ஒரே வரிசையாக 12 காம்பரா (அறை) வரை இருக்கும். இரட்டை லயத்தில் இரு வரிசைகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். 24 காம்பரா வரை உண்டு. நடுச்சுவர் பொது என்பதால் பின்கதவு கிடையாது, காற்று ஒரு பக்கமே. இரண்டில் இதுவே மோசம்.

ஒரு காம்பரா சுமார் 10க்கு 12 அடி. முன்னால் இஸ்தோப்பு எனும் தாழ்வாரம். அதில் பாதியைத் தகரத்தாலோ பலகையாலோ அடைத்து அடுப்பு வைத்துக்கொள்வார்கள். மேலே பரணில் ஈர விறகு காயும், கூரைத் தகரம் கரி பிடித்துப் பளபளக்கும். சுவர் கூரைவரை எழாத இடங்களில் அடுத்த காம்பராவின் இருமல்கூடக் கேட்கும். கடைசிக் காம்பராவுக்கு மவுசு அதிகம்: பக்கச் சுவரையொட்டி ஒரு சாய்ப்பு இறக்கலாம். வாசலில் கழிவுநீர் ஓடும் கான், சற்றுத் தள்ளித் தண்ணீர் பிடிக்கும் பீலி.

தொழிலாளரை மேற்பார்க்கும் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தனிவீடு, துரைக்குப் பங்களா. தோட்டத்துரைமார் வட்டாரத்தின் பெரும்புள்ளி சேர் தோமஸ் வில்லியர்ஸ் ஹப்புத்தளையில் கட்டிய அடிஷம் மாளிகை 1931இல் முடிந்தது. அதுவும் கருங்கல்தான்.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. லயங்களுக்கு மாற்றாகத் தனிவீடுகள் கட்டப்பட்டு வருகின்றன, பலர் இன்னும் லயத்தில்தான்.