ஆட்டோவைக் கூப்பிட்ட மொழி

மட்டாஞ்சேரி அரண்மனைப் பக்கம் மின்சார ஆட்டோ ஓட்டும் ஒருவர் தென்காசிக்காரர். கொச்சிக்கு வந்து இருபது வருடமாகிறது. வண்டிக்கு எப்போது சார்ஜ் போடுவீர்கள் என்று கேட்டேன். "ராத்திரி பத்து மணிக்குச் சொருகுதேன். காலைல அஞ்சு மணிக்கு எடுத்தாப் போதும். நடுவுல எப்ப ஏறுனா எனக்கென்ன அண்ணாச்சி?" என்றார்.

உலகம் முழுக்க மின்வாரியங்கள் தேடிக்கொண்டிருப்பது இந்தப் பதிலைத்தான். அவர் வண்டிக்கு நாலு மணி நேர மின்சாரம் போதும். அவர் கையில் ஏழு மணி நேரம் இருக்கிறது. மிச்சம் மூன்று மணி நேரத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனத்தடை இல்லை. ஆனால் அதை அவரிடம் கேட்க மின்வாரியத்துக்கு வழி இல்லை, சொல்ல அவருக்கும் வழி இல்லை. இருவருக்கும் நடுவே ஒரு பொது மொழி வேண்டும். அப்படி ஒரு மொழி ஆட்டோ கூப்பிடுவதற்காக இதே கொச்சிக்கு வந்து, இங்கிருந்து மின்சாரத்தின் பக்கம் நடந்து போயிருக்கிறது.

அந்த மொழிக்கு ஒரு மூத்த சகோதரி உண்டு. 2000-01ல் கலிபோர்னியாவில் பெரும் மின் நெருக்கடி. 2001 ஜனவரியில் ஊர் ஊராக மின்சாரத்தை மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் மேரி ஆன் பியட் தலைமையில் ஆய்வு தொடங்கியது. தட்டுப்பாடு வரும் நேரத்தில், யாரும் ஓடிப்போய் சுவிட்சை அணைக்காமல், கட்டடம் தானாகவே செய்தியைப் படித்துத் தன் தேவையைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்பதே கேள்வி. 2003ல் 5 இடங்களில் சோதித்தார்கள். இணையத்தில் ஒரு பாவனை விலையை அனுப்ப, அங்கிருந்த ஏசியும் விளக்குகளும் அதற்கேற்பத் தாமே தணிந்தன. அந்தச் செய்தியின் இலக்கணம் 2009ல் ஓப்பன் ஏ.டி.ஆர். என்ற பெயரில் எல்லோருக்கும் பொதுவாக வெளியானது. 2018ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலையாகவும் ஏற்கப்பட்டது.

அந்தச் செய்தியைப் பிரித்துப் பார்த்தால் எளிமையானது. எப்போது தொடங்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும், நெருக்கடி எந்த அளவு. அளவுக்கு 0 முதல் 3 வரை எண்கள்: 0 என்றால் வழக்கம்போல, எண் ஏற ஏற நெருக்கடியும் ஏறுகிறது. செய்தி வந்து சேர்ந்ததும் மறுமுனை பதில் சொல்ல வேண்டும்: சம்மதம், அல்லது இம்முறை முடியாது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த இரண்டாவது பதில்தான். மின்வெட்டு யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பிரசவ வார்டுக்கும் பெட்டிக்கடைக்கும் ஒரே இருட்டு. இந்த மொழியில் முதலில் கேட்கிறார்கள். முடியாது என்று சொல்லவும் இடம் வைத்திருக்கிறார்கள்.

மூத்தவள் இந்தியாவுக்கும் வந்தாள். வடக்கு டெல்லியில் டாடா பவர் டெல்லி டிஸ்ட்ரிப்யூஷன் நிறுவனம், நூற்றுக்கும் மேற்பட்ட பெரிய நுகர்வோரை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தது. ஆலைகளுக்கும் பெரிய வணிகக் கட்டடங்களுக்கும் அது பொருந்தியது. ஆயிரக்கணக்கான சின்ன ஆட்களை, ஆளுக்கொரு கம்பெனி வண்டி, ஆளுக்கொரு ஆப் என்று இருப்பவர்களை எப்படிச் சேர்ப்பது?

இங்கேதான் கொச்சி வருகிறது. 2021ல் கொச்சி பெருநகரப் போக்குவரத்து ஆணையம் கொச்சி திறந்த போக்குவரத்து வலையமைப்பைத் தொடங்கியது. அதன் அடியில் இருந்தது பெக்கன் என்னும் திறந்த நெறிமுறை. நந்தன் நீலேகணி, பிரமோத் வர்மா, சுஜித் நாயர் ஆகியோர் முன்னெடுத்தது. சவாரி தேடுபவரின் ஆப்பும் வண்டிக்காரரின் ஆப்பும் ஒரே கம்பெனியுடையதாக இருக்கத் தேவையில்லை. இரண்டும் ஒரே முறையில் பேசினால் போதும். தேடு, தேர்ந்தெடு, உறுதி செய், எங்கே வருகிறது என்று காட்டு, வேண்டாமென்றால் ரத்து செய் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வினைச்சொற்கள். ஒவ்வொரு செய்தியிலும் அனுப்பியவரின் டிஜிட்டல் கையெழுத்து. நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்திருக்கும் முதலாளி இல்லை.

மட்டாஞ்சேரிக்கு இது புதிய யோசனை அல்ல. குஜராத்தி, கொங்கணி, கச்சி, தமிழ், மலையாளம் என்று பல மொழிக்காரர்கள் கிடங்கு வைத்துப் பிழைத்த ஊர் இது. 1957 முதல் மிளகுக்கு முன்பேர வணிகமும் இங்கே நடந்தது. மலபார் கார்பிள்டு 1, சுருக்கமாக எம்.ஜி.1, என்று தரத்தைச் சொன்னால் போதும். வாங்குபவர் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே விலை பேசலாம். தரம் எல்லோருக்கும் பொது, சரக்கும் லாபமும் அவரவருடையது. முன்பின் தெரியாத இருவர் நம்பி வியாபாரம் செய்ய அந்தப் பொதுச்சொல் வேண்டியிருந்தது.

கொச்சியில் 'யாத்ரி' ஆப்பாகப் பழகிய இந்த மொழி, 2022 நவம்பரில் பெங்களூருவில் 'நம்ம யாத்ரி'யாகப் பெருகியது. ஓட்டுநர்கள் ஒவ்வொரு சவாரிக்கும் கமிஷன் அழுவதற்குப் பதில், நாளுக்கு 25 ரூபாய் கட்டிவிட்டு ஓட்டும் முறை அங்கே வந்தது.

பிறகு யாரோ கவனித்தார்கள்: 'ஆட்டோ' என்ற இடத்தில் 'சார்ஜர்' என்று போட்டால் வாக்கியம் அப்படியே நிற்கிறது. பக்கத்தில் எது காலி, என்ன விலை, எத்தனை மணிக்கு, உறுதி செய். மின்வாகனச் சார்ஜிங் நிறுவனங்கள் சில சேர்ந்து, ஒருங்கிணைந்த எரிசக்தி இடைமுகம் என்ற பெயரில் இதே நெறிமுறையைக் கையில் எடுத்தன. 2025ல் பெக்கனை வளர்க்கும் ஃபைடு அமைப்பும் சர்வதேச எரிசக்தி முகமையும் சேர்ந்து 'டிஜிட்டல் எனர்ஜி கிரிட்' என்ற தொலைநோக்கு ஆவணத்தை வெளியிட்டன. அதே ஆண்டு இந்திய மின்துறை அமைச்சகம் 'இந்தியா எனர்ஜி ஸ்டாக்' பணிக்குழுவை அமைத்தது. நீலேகணி அதன் தலைமை வழிகாட்டி. சவாரி தேடிய மொழி, மின்சாரத்தில் யார் எப்போது காத்திருக்க முடியும் என்று கேட்கும் இடத்துக்கு வந்துவிட்டது.

காத்திருப்பது எல்லோராலும் ஆகாது. மட்டாஞ்சேரி ஜெட்டிக்கு வரும் வாட்டர் மெட்ரோ படகு நடைகளுக்கு இடையில் கிடைக்கும் சில நிமிடங்களில் சார்ஜ் ஏற்றியாக வேண்டும். தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தை நம்பியிருக்கும் ஐஸ் பேக்டரி கதை வேறு. உப்புநீர்த் தொட்டி நன்றாகக் குளிர்ந்துவிட்டால், கம்ப்ரசரைக் கொஞ்ச நேரம் நிறுத்தினாலும் ஐஸ் உருகிவிடாது. தென்காசிக்காரரின் ஆட்டோ அதைவிடப் பொறுமைசாலி. யாரால் எவ்வளவு பொறுக்க முடியும் என்பது அவரவருக்குத்தான் தெரியும். அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்க வழியில்லாதபோது என்ன ஆகும் என்பதை 2024 கோடையில் கேரளம் பார்த்தது. மே மாதம் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. ஏசி ஓடும் வீடுகளும் சார்ஜ் ஏறும் வண்டிகளும் சேர்ந்து உச்ச நேரத்தையே இரவு பத்து மணிக்கு மேல் தள்ளிவிட்டன. ஏசியை 26 டிகிரியில் வையுங்கள் என்று கேரள மின்வாரியம் எல்லோரையும் வேண்டிக்கொண்டது. பெரிய ஆலைகளை இரவில் குறைத்துக்கொள்ளச் சொன்னது. பாலக்காட்டுப் பக்கம் கட்டுப்பாடே கொண்டுவந்தது. வேண்டுகோள் எல்லோருக்கும் போனது. யார் குறைக்கப் போகிறார்கள், எவ்வளவு என்ற பதில் திரும்பி வரப் பாதை இல்லை.

தென்காசிக்காரருடையது போன்ற ஆட்டோ சார்ஜ் ஏறும்போது இழுப்பது சுமார் 2 கிலோவாட். ஆயிரம் ஆட்டோக்காரர்கள் சம்மதம் சொன்னால், அந்த நேரத்தில் 2 மெகாவாட் மிச்சம். மாநிலக் கணக்கில் இது சிறுதுளி. ஆனால் ஒரு தெரு டிரான்ஸ்பார்மரில் பத்து வண்டிகள் ஒரே சமயம் சொருகாமல் இருப்பதே அந்தத் தெருவுக்குப் பெரிய காரியம்.

சம்மதித்தவர் உண்மையில் விட்டுக்கொடுத்தாரா என்று பார்க்க மீட்டரும் பேச வேண்டும். இந்திய ஸ்மார்ட் மீட்டர்களுக்கு ஐ.எஸ்.15959 என்ற தரநிலை ஏற்கெனவே பொது மொழி கொடுத்திருக்கிறது. எந்தக் கம்பெனி மீட்டரும் ஒரே விதமாகக் கணக்கு ஒப்பிக்கும். கேட்கும் மொழி, ஒப்பிக்கும் மொழி இரண்டும் இருக்கின்றன. அவற்றைத் தெருவரை கொண்டுவரும் வேலைதான் பாக்கி.

அந்த வேலையில் இரண்டு விஷயங்களை விட்டுவிடக் கூடாது. நாளை அவர் வேறு கம்பெனி வண்டி வாங்கினாலும் இந்தச் செய்தி அவரைத் தேடி வர வேண்டும்; அவருடைய பொறுமையை எந்த நிறுவனமும் தன் ஆப்புக்குள் பூட்டி வைக்கக் கூடாது. விட்டுக்கொடுத்த மூன்று மணி நேரத்துக்கான பணம் அவர் பில்லில் கழிய வேண்டும்.

ராத்திரி பத்து மணிக்கு அவர் வண்டியைச் சொருகுவார். போனில் ஒரு வரி வரும்: ஒரு மணிக்குத் தொடங்கலாமா? சம்மதம் என்று தட்டிவிட்டுத் தூங்கப் போவார். தங்கைக்கு உடம்பு சரியில்லாத ராத்திரி என்றால் முடியாது என்று தட்டுவார். உடனே சார்ஜ் ஏறத் தொடங்கும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.