இருளின் தூதுவன்

இருளை அறியாமைக்கும் ஒளியை அறிவுக்கும் உவமை கூறுதல் நெடுங்கால மரபு. ஆனால் இருளையே தன் தொழிற்காலமாகக் கொண்ட உறுப்பொன்று மனித மூளையின் நடுவே அமைந்துள்ளது. அரிசிமணி அளவே உள்ள அதன் பெயர் பீனியல் சுரப்பி. அதன் வரலாறு, ஆன்மாவைத் தேடிப் புறப்பட்டவர்களும் தோல்நோய்க்கு மருந்து தேடியவர்களும் தாம் தேடியதைக் காணாது, இரவைக் கண்டடைந்த வரலாறாகும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் காலென் இச்சுரப்பியை விரிவாக விளக்கினார். பைன் மரக் காயின் கூம்பு வடிவை ஒத்திருந்தமையே இதன் பெயருக்குக் காரணம். மூளையில் உயிர்மூச்சின் ஓட்டத்தை இதுவே திறந்து மூடுகிறது என அக்காலத்தில் சிலர் கருதினர். காலென் அதனை மறுத்தார். ஆயினும் அக்கருத்து முற்றிலும் மாயவில்லை. 1649ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெக்கார்த், மூளையின் பிற பகுதிகள் இரட்டையாக இருக்க, இஃதொன்றே ஒற்றையாக உள்ளது; ஆகவே ஆன்மா உடலோடு உறவாடும் இடம் இதுவே என்று வாதிட்டார். அவருடைய உடற்கூற்று விளக்கத்தின் பிழைகளை ஸ்டெனோ 1665ஆம் ஆண்டு பாரிசில் ஆற்றிய உரையில் எடுத்துக்காட்டினார்.

1886ஆம் ஆண்டு இவ்வரலாறு வேறொரு திசையில் திரும்பிற்று. சில பல்லியினங்களின் உச்சந்தலையில், பீனியல் உறுப்போடு தொடர்புடையதும் ஒளியை உணர்வதுமான சிறு கண் உண்டு என்பதை பால்ட்வின் ஸ்பென்சர் விளக்கினார். 1882ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை அடையாற்றில் நிலைகொண்ட பிரம்மஞான சபையின் நிறுவனர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார், 1888ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்ட நூலில் இச்செய்தியை நெற்றிக்கண் பற்றிய கருத்தோடு இணைத்தார். பீனியலே மூன்றாம் கண் என இன்று பலரும் கூறுவதற்கு வேர் பெரிதும் இங்கேதான் உள்ளது. பழைய தொன்மத்தின் மீது பத்தொன்பதாம் நூற்றாண்டு விலங்கியல் ஏற்றப்பட்டது என்பதே வரலாற்று உண்மை.

அறிவியலின் வழியோ தவளைக் குஞ்சுகளிலிருந்து தொடங்கிற்று. இச்சுரப்பியின் சாறு அவற்றின் தோலை வெளிறச் செய்வதை 1917ஆம் ஆண்டு மெக்கார்ட், ஆலன் இருவரும் கண்டனர். அக்குறிப்பைப் பற்றிக்கொண்டு, வெண்படை நோய்க்கு வழி காணலாம் என நம்பியவர் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத் தோல்நோய் மருத்துவர் ஆரன் லெர்னர். இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட மாட்டுச் சுரப்பிகளிலிருந்து அணுவளவு பொருளைப் பிரித்தெடுத்து, 1958ஆம் ஆண்டு அதற்கு மெலடோனின் என்று பெயரிட்டார். கருமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அப்பெயரில் உள்ளது. வெண்படைக்கு அது மருந்தாகவில்லை.

அப்பொருள் எதற்காக என்பது பின்னரே புலப்பட்டது. இருள் சூழ்ந்தபின் அது குருதியில் பெருகுகிறது, விடியலில் அடங்குகிறது. செறிந்த ஒளி மனிதரிடம் அதன் சுரப்பைத் தடுத்துவிடும் என்பதை 1980ஆம் ஆண்டு ஆல்பிரட் லூவி குழுவினர் நிறுவினர். இரவில் விழித்து இரைதேடும் எலியிடமும் மெலடோனின் இரவிலேயே சுரக்கிறது என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது. ஆதலால் அதனை உறக்கத்தின் சாறு என்பதினும் இருளின் தூது என்பதே பொருந்தும். இரவு வந்தது என்று அது உடலுக்கு அறிவிக்கிறது. அவ்வறிவிப்பைக் கேட்டு மனிதன் உறங்குகிறான், எலி எழுகிறது.

அத்தூதை மறிக்கும் காலம் இது. இரவுப்பணியை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007ஆம் ஆண்டு சேர்த்தது. 2019ஆம் ஆண்டு மீளாய்வு செய்தும் அம்முடிவை மாற்றவில்லை. இரவொளியால் மெலடோனின் குறைவது அதற்குக் கருதப்படும் காரணங்களுள் ஒன்று.

ஆன்மிகத்தைப் பற்றி யாது கூறலாம்? நாள்தோறும் பதினான்கு மணிநேரம் இருளில் இருத்தப்பட்டவர்களின் உறக்கம் இரண்டாகப் பிரிந்து, இடையே அமைதியான விழிப்பு தோன்றியதை 1990களில் தாமஸ் வேர் கண்டார். ஆறாம் நூற்றாண்டின் பெனடிக்ட் மடத்து ஒழுங்கு துறவியரை இரவிலேயே எழுப்பி வழிபடச் செய்தது; இசுலாமியரின் தஹஜ்ஜுத் தொழுகை உறங்கி எழுந்தபின் இரவில் தொழப்படுவது. அந்த விழிப்பும் இவ்வழிபாடுகளும் ஒன்றே எனத் துணிதல் கூடாது. மின்விளக்கற்ற மூன்று சமூகங்களில் நிகழ்ந்து 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் இரட்டை உறக்கம் காணப்படவில்லை. சுரப்பி இறைவனைக் காட்டும் என்பதற்கும் சான்றில்லை.

ஸ்பெயின் நாட்டுத் துறவி சிலுவையின் யோவான் 1577-78ஆம் ஆண்டுகளில் தொலேதோ நகரின் இருண்ட சிற்றறையில் சிறைப்பட்டிருந்தார். அங்கே அவர் பாடல்கள் புனைந்தார். பின்னர் இருண்ட இரவையே தம் கவிதைக்குப் பொருளாக்கினார். அக்கவிதையை எந்தச் சுரப்பியும் எழுதவில்லை. எனினும் இரவை யாமம் என்றும் வைகறை என்றும் பகுத்துத் திணைகளுக்கு உரிமையாக்கிய தமிழ்க் கவிமரபினர்க்கு இவ்வரலாறு ஒன்றை உணர்த்தும். இருள் என்பது ஒளியின் இன்மை மட்டுமன்று. உடல் எதிர்நோக்கியிருக்கும் ஒரு செய்தி. விளக்கை அணைத்தாலன்றி அச்செய்தி முழுமையாக வந்து சேராது.