தண்டவாளத்தைக் கடக்கும் தீயணைப்புக் குழாய்: சென்னை டிராம் தெருவும் வாலாஜாபாத் இருப்புப்பாதையும்

சென்னையில் மின்சார டிராம் 1895 மே மாதம் ஓடத் தொடங்கியது. நகரத் தீயணைப்புப் படை 1908இல் அமைந்தது. 1953 ஏப்ரலில் டிராம் நிறுத்தப்படும் வரை, ஏறத்தாழ 45 ஆண்டுகள், இவ்விரண்டும் ஒரே தெருக்களைப் பகிர்ந்துகொண்டன. நீர் ஒரு புறமும் தீ மறுபுறமுமாக இருந்தால் குழாய் எவ்வாறு தண்டவாளத்தைக் கடக்கும் என்பதே இக்கட்டுரையின் வினா.

டிராம் தண்டவாளம் தெருத்தளத்தோடு சமமாகப் பதிக்கப்படுவது. மாட்டுவண்டி இடறாமல் செல்ல உதவிய அந்த ஏற்பாடே தீயணைப்போருக்கு இடராகும். அடியில் குழாயை நுழைக்க இடைவெளி இராது. நீரேறிப் புடைத்த கித்தான் குழாய் தண்டவாளத்தின் மேலேயே கிடக்க நேரும். அதன்மேல் இரும்புச் சக்கரம் ஏறினால் வெட்டுண்ணும். வெட்டு விழுவது தெருவில். நீரற்றுப் போவது எரியும் கட்டடத்தினுள் குழாய்முனையைப் பிடித்து நிற்பவருக்கு. அமெரிக்க நகரங்களில் சக்கரம் ஏறி இறங்கும் சாய்தளங்களைக் குழாயின்மேல் வைத்தனர். அவை இல்லாவிடினும், தெருவைக் கண்ணெதிரே காணும் டிராம் ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிடலாம்.

தென்னேரிக்கு அருகே, வாலாஜாபாத் வழியாகச் செல்லும் செங்கல்பட்டு–அரக்கோணம் இருப்புப்பாதையில் நிலைமை வேறு. தண்டவாளம் குறுக்குக் கட்டைகளின்மேல் உயர்ந்து நிற்கிறது. இரு கட்டைகளுக்கிடையே ஜல்லியை அள்ளி ஒதுக்கினால் 63 மி.மீ. குழாய் அடியில் நுழையும். நீரேற்றும் முன்பே நுழைத்தாக வேண்டும். புடைத்தபின் அது வளையாது. இணைப்பு முனை குழாயைவிடப் பருமனானது. எனவே அது தண்டவாளத்தின் கீழ் வந்து அமையாதபடி துண்டுகளைக் கணக்கிட்டுப் பொருத்த வேண்டும். (பணி முடிந்தபின் ஜல்லியை மீண்டும் நிரப்புவதும் கடமையே, பாதையை அசையாது தாங்குவது அது.)

ஆயினும் ரயில் கண்ட இடத்தில் நிற்காது. ஓட்டுநரின் கண் செய்த வேலையை இங்கே விதி செய்கிறது: அகலப்பாதையில் தடை நேர்ந்தால் 600 மீட்டர் தொலைவில் ஒரு டெட்டனேட்டரும், 1200 மீட்டரில் 10 மீட்டர் இடைவெளியில் மூன்றும் வைக்கப்பட வேண்டும். குழாய் அடியில் சென்றாலும், அதை நுழைப்பவர் தண்டவாளத்தின்மேல்தானே குனிந்திருக்கிறார்!

அடுத்தது மேலே செல்லும் கம்பி. 1931இல் சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதை 1500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்கத் தொடங்கியது. இன்று கம்பிகளில் 25,000 வோல்ட் ஓடுகிறது. சிதறாத நீர்த்தாரை மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் நிறுத்தப்பட்டுக் கம்பி நிலத்தோடு இணைக்கப்பட்டது என்ற உறுதி ரயில்வேயிடமிருந்து வரும்வரை, தாரையை அத்திசையில் திருப்பலாகாது. டிராம் தெருவில் கையசைத்தே வண்டியை நிறுத்தியிருக்கலாம். வாலாஜாபாத் பாதையோரத்தில் கூரை எரியும்போது அவ்வுறுதியைத் தர வேண்டியவர் தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார்.